வனத்து அந்தோணியாரும் பாலைவனத்து அப்பாக்கள், அம்மாக்களும்: எதைத் தேடிப் போனார்கள்?

பனைநிழல்

போன ஜனவரி 17 அன்று எங்கள் ஊரில் வனத்து அந்தோணியார் திருவிழா. பொங்கல் முடிந்த கையோடு வருவதால் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசிக் கோயில் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தது. இந்த வருடம் என் மகள் கேட்டாள்: "இவர் வனத்துல என்னப்பா செஞ்சார்?" பட்டினி கிடந்தார், பிசாசுகளோடு போராடினார் என்றேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்ததை இங்கே வைக்கிறேன். தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

வனம் என்கிறோமே தவிர அவர் போனது மரம் அடர்ந்த காட்டுக்கு இல்லை. எகிப்தில் நைல் கரையின் பச்சை முடிகிற இடத்திலேயே மணல் தொடங்கிவிடும். ஒரு காலை வயலிலும் மறு காலைப் பாலையிலும் வைத்து நிற்கலாம். அந்த விளிம்பில்தான் அவர் தொடங்கினார். சுமார் 251இல் பிறந்தவர், வசதியான விவசாயக் குடும்பம், 300 அரூரா (அந்நாள் எகிப்தின் நில அளவு) நல்ல விளைநிலம். பதினெட்டு இருபது வயதில் பெற்றோர் இறந்துபோகிறார்கள், பார்த்துக்கொள்ள ஒரு தங்கை. ஒரு நாள் கோயிலில் மத்தேயு நற்செய்தி வாசிக்கிறார்கள்: நிறைவுள்ளவராக விரும்பினால் உமக்கு உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடும். அது தனக்கே சொல்லப்பட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். நிலத்தை ஊர்க்காரர்களுக்கே கொடுத்தார், தங்கையைக் கன்னியர் சிலரின் பொறுப்பில் விட்டார். முதலில் ஊர் ஓரம், அப்புறம் கல்லறைகள், அப்புறம் பாழடைந்த ஒரு கோட்டை. அந்தக் கோட்டைக்குள் மட்டும் சுமார் 20 வருடம்.

என்னை உட்காரவைத்து யோசிக்கவைத்த இடம் ஒன்று உண்டு. இருபது வருடம் கழித்து நண்பர்கள் கதவை உடைத்துத் திறக்கிறார்கள். எலும்பும் தோலுமாக ஒருவர் வருவார், அல்லது பித்துப் பிடித்தவராக வருவார் என்றுதானே நினைப்போம்? அவர் வரலாற்றை எழுதிய ஆயர் அத்தனாசியார் சொல்வது வேறு. உடம்பு பருக்கவும் இல்லை, மெலியவும் இல்லை, பழைய அந்தோணியாராகவே இருந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கலங்கவில்லை, இத்தனை பேர் வணங்குகிறார்களே என்று பூரிக்கவும் இல்லை. நிதானமாக வந்து நின்றார்.

உடம்பை வதைப்பதே நோக்கம் என்றால் இந்த வரியை அவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

அவருக்குப் பின்னால் ஸ்கேத்திஸ், நித்ரியா, கெல்லியா என்று கீழ் எகிப்தின் மேற்குப் பாலையில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் போய்க் குடிசை போட்டார்கள். மூத்தவர்களை 'அப்பா' என்றும், பெண்களானால் 'அம்மா' என்றும் அழைத்தார்கள். நம் சொல் இல்லை, அரமேயச் சொல்தான். விவிலியத்தில் "அப்பா, பிதாவே" என்று வருகிறதே, அதே அப்பா. ஆனால் தமிழில் 'அப்பா மோசே', 'அம்மா சாரா' என்று சொல்லும்போது ஒரு தனி நெருக்கம் நமக்குக் கிடைக்கிறது.

இளையவர் ஒருவர் நெடுந்தூரம் நடந்து வந்து, "அப்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்பார். அப்பா ஒரு வரி சொல்வார், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படிச் சேர்ந்த வார்த்தைகளைப் பிற்பாடு தொகுத்தார்கள். அதைப் படித்தால் பட்டினியைவிட, பிசாசைவிட, அதிகமாக வருவது ஒன்றுதான்: அடுத்தவனைத் தீர்ப்பிடாதே.

அப்பா மோசே கறுப்பின மனிதர், துறவியாகும் முன் கொள்ளைக்காரர். ஸ்கேத்திஸில் ஒரு சகோதரர் தவறு செய்துவிட்டார் என்று கூட்டம் போட்டு மோசேயைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. "எல்லோரும் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று மறுபடி ஆள் அனுப்பினார்கள். ஒழுகுகிற பாத்திரம் ஒன்றில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். இது என்ன அப்பா என்று கேட்டார்கள். "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை. இன்னொருவன் தவறுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றார். அந்தச் சகோதரரை மன்னித்தார்கள்.

என் மகளுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். நான் புரிந்துகொண்ட வரையில், இவர்கள் தங்கள் மனதை உட்கார்ந்து பார்ப்பதற்காகப் போனார்கள். பார்த்ததால் பிறர்மேல் கோபப்பட முடியாமல் போனார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மெழுகுவத்தி

அண்ணா, ஒரு சின்னக் கேள்வி. இவரும் உவரி அந்தோணியாரும் ஒருவர்தானே? எங்கள் பாட்டி எல்லா அந்தோணியாருக்கும் ஒரே மன்றாட்டுத்தான் சொல்வார்.

---

பனைநிழல்

இல்லை தம்பி. கையில் குழந்தை இயேசுவோடு இருப்பவர் பதுவை அந்தோணியார். லிஸ்பனில் பிறந்து 1231இல் இறந்தவர், பிரான்சிஸ்கன் சபைத் துறவி, திருவிழா ஜூன் 13. வனத்து அந்தோணியார் அவருக்கு ஏறக்குறைய 900 வருடம் மூத்தவர். 356இல் 105ஆம் வயதில் இறந்ததாக அத்தனாசியார் எழுதுகிறார். புதைத்த இடம் யாருக்கும் தெரியக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

பாட்டி மன்றாட்டு இரண்டு பேருக்குமே போய்ச் சேரும், கவலைப்படாதே.

---

வைகைக்கரை

பனைநிழல் அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன். எனக்கு இந்த இடத்தில் பெரிய நெருடல் உண்டு, மனதில் உள்ளதைச் சொல்கிறேன்.

இயேசு ஊருக்குள் நடந்தவர். குஷ்டரோகியைத் தொட்டார், சீஷர்களின் கால்களைக் கழுவினார். இவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மணலில் போய் உட்கார்ந்துகொண்டால் அன்பு யாரிடம் செயல்படும்? இது என் கேள்வி மட்டும் இல்லை. அதே 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவின் ஆயர் பசிலியார் இதையேதான் கேட்டார்: தனியாக இருக்கிற நீ யாருடைய பாதங்களைக் கழுவுவாய்? அவரும் துறவிதான். எகிப்துக்குப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்தவர். ஊர் திரும்பி, செசரியாவின் ஓரத்தில் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரிய இல்லமே கட்டினார். எனக்கு அதுதான் சுவிசேஷமாகத் தெரிகிறது.

இன்னொன்று. வரி கட்ட முடியாமல் நிலத்தைப் போட்டுவிட்டு ஓடியவர்களும் அந்தப் பாலைவனத்துக்குத்தான் போனார்கள் என்று படித்திருக்கிறேன். பக்தி எவ்வளவு, பிழைப்பு எவ்வளவு?

---

பழையஏடு

வரி விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி. அதில் உண்மை இருக்கிறது. கிரேக்கத்தில் 'அனகோரேசிஸ்' என்றால் விலகிப்போவது. துறவிகளுக்கு முன்னாலேயே எகிப்துப் பாப்பிரஸ் ஏடுகளில் அந்தச் சொல் வந்துவிடுகிறது. வரிச்சுமை தாங்காமல் ஊரை விட்டு ஓடிய குடியானவனைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிறகு துறவிக்கு அதே வேரிலிருந்துதான் பெயர் வந்தது. ஓடிப்போனவன் என்ற பழிச்சொல்லையே தங்கள் பெயராகச் சுமந்தவர்கள் இவர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

எல்லோரும் ஊரை விட்டுத் தொலைதூரம் போய்விட்டார்கள் என்பதும் சரியில்லை. துறவி என்ற பொருளில் 'மொனாகோஸ்' என்ற சொல் வருகிற, நமக்குக் கிடைத்த மிகப் பழைய ஆவணம் 324ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு புகார் மனு. கரானிஸ் என்ற ஊரைச் சேர்ந்த இசிதோரோஸ் எழுதியது. பக்கத்து நிலத்துக்காரர்களின் மாடு இவர் பயிரை மேய்ந்துவிட்டது. பிடித்துக் கட்டப்போனால், மாட்டுக்காரர்கள் தடியெடுத்து அடித்தார்கள். திருத்தொண்டர் அந்தோனினுசும் துறவி ஈசாக்கும் அந்த வழியாக வந்து தடுத்திருக்காவிட்டால் என்னைக் கொன்றே போட்டிருப்பார்கள் என்கிறார்.

யோசித்துப் பாருங்கள். துறவி என்று எழுத்தில் முதலில் நமக்குத் தெரிகிற மனிதர் குகையில் இல்லை. வயல் வரப்பில், மாட்டுத் தகராறில் குறுக்கே போய் நிற்கிறார். காட்சியில்லை, அற்புதமில்லை, அடிபடுகிறவனைக் காப்பாற்றியதாக ஒரு வரி. எனக்கு இந்த ஈசாக்கை மிகவும் பிடிக்கும். அவரைப் பற்றி வேறு எதுவும் எங்கும் இல்லை.

---

பனைநிழல்

பழையஏடு ஐயா, இந்த மனுவைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

வைகைக்கரை தம்பி, பசிலியாரின் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பாலைவனத்தில் கால் கழுவ ஆளே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, ஓலை முடைந்தார்கள். பேரீச்ச ஓலையைத் தண்ணீரில் நனைத்துக் கயிறு திரிப்பது, கூடை பின்னுவது, அதை விற்றுச் சாப்பாட்டுக்குப் போக மிச்சத்தைக் கொடுத்துவிடுவது. எங்கள் வீட்டில் பாட்டி காலம்வரை பனையோலைப் பெட்டி முடைந்தவர்கள் என்பதால் எனக்கு இது கண்ணுக்குள் தெரிகிறது. ஓலை முடைகிறவர்களுக்குக் கைதான் ஓடும், வாயும் மனதும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கிற வாயில்தான் அவர்கள் திருப்பாடலைப் போட்டார்கள்.

அறுவடைக்குக் கூலிக்கும் போனார்கள். அர்சினோயே பகுதியில் செராப்பியோன் என்ற தலைவரின் கீழ் இருந்த துறவிகள், அறுவடைக் கூலியாகக் கிடைத்த தானியத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் ஏழைகள் தீர்ந்துபோனதால் படகில் ஏற்றி அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பினார்கள் என்று அன்று பயணம் போனவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஸ்கேத்திஸின் மூத்த துறவிகளில் ஒருவரான மக்காரியார் கதையையும் சொல்ல வேண்டும். ஸ்கேத்திஸுக்குப் போகும் முன் ஒரு ஊர்ப்புறத்தில் குடில் போட்டிருந்தார். ஊரில் ஒரு பெண் கருவுற்றாள், யார் காரணம் என்று கேட்டதற்கு இந்தச் சாமியார்தான் என்றாள். ஊர்க்காரர்கள் வந்து அவர் கழுத்தில் கரிப்பிடித்த சட்டிகளைக் கட்டித் தெருத்தெருவாக இழுத்து அடித்தார்கள். அவளுக்குச் சோறு போட ஜாமீன் தந்தால்தான் விடுவோம் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. குடிலுக்குத் திரும்பி, "மக்காரியா, உனக்கு ஒரு மனைவி வந்திருக்கிறாள், இனி இன்னும் கொஞ்சம் உழை" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இரவும் பகலும் கூடை முடைந்து அவளுக்குப் பணம் அனுப்பினார். பிரசவ வலி நாள்கணக்கில் நீண்டபோதுதான் அந்தப் பெண் உண்மையைச் சொன்னாள். ஊரே மன்னிப்புக் கேட்கக் கிளம்பி வருகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் எழுந்து ஓடினார். ஸ்கேத்திஸுக்கு அவர் வந்த காரணமே இதுதான். அவமானத்துக்கு ஓடாதவர் மரியாதைக்கு ஓடினார்.

எனக்கு ஒரு முறை வேலை இடத்தில், நான் செய்யாத தவறுக்குப் பெயர் வந்தது. மூன்று வருடமாகியும் அதை நினைக்காமல் ஒரு வாரம் போனதில்லை. அதனால்தான் இந்தக் கதையைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

---

கடலோரம்

எல்லாம் சரி, அம்மாக்களைப் பற்றி யாரும் பேசக் காணோம். அவர்கள் வார்த்தைகளைப் பெயர் வரிசையில் சேர்த்த அகரவரிசைத் தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவில் மூன்றே பெண்கள்: சாரா, சிங்கிளேத்திக்கா, தெயோதோரா. உண்மையில் பெண்கள் குறைவு இல்லை. பக்கோமியார் ஆரம்பித்த கூட்டுத் துறவு மடங்களில் அவர் சகோதரி மரியா தலைமையில் பெண்கள் மடமும் இருந்தது. அவர் மடம் இருந்த தபென்னேசியில் ஆற்றுக்கு அக்கரையில் 400 பெண்கள் இருந்ததாக, துறவிகளைப் பற்றி அன்றே நூல் எழுதிய பல்லாதியுஸ் சொல்கிறார். வார்த்தையைக் குறித்துவைக்கும்போதுதான் மூன்று பேராகக் குறைந்துவிட்டார்கள்.

சிங்கிளேத்திக்கா அலெக்சாந்திரியாவின் பணக்கார வீட்டுப் பெண். பெற்றோர் இறந்ததும் சொத்தைக் கொடுத்துவிட்டு, முடியை வெட்டிக்கொண்டு, பார்வையற்ற தங்கையோடு குடும்பக் கல்லறையில் போய் இருந்தார். அவர் சொல்வதில் வீட்டு வாசனை அடிக்கும். அடுப்பு பற்றவைத்தவருக்குத்தான் இது வரும்: கடவுளிடம் போகிறவர்களுக்கு முதலில் புகையும் கண்ணெரிச்சலும்தான், அப்புறம்தான் நெருப்பு. முட்டையை விட்டு எழுந்து எழுந்து போகிற கோழிக்குக் குஞ்சு பொரியாது, இடம் மாறிக்கொண்டே இருக்கிற துறவியும் அப்படித்தான் என்கிறார். வைகைக்கரை தம்பி கேட்டதற்கு அவரிடமே ஒரு பதில் இருக்கிறது. மலையில் இருந்துகொண்டு ஊர்க்காரர்களைப் போல வாழ்கிறவர்களும் உண்டு, கூட்டத்தின் நடுவில் மனதளவில் தனியாக இருக்கிறவர்களும் உண்டு என்கிறார்.

அம்மா சாராவிடம் இரண்டு மூத்த துறவிகள் வந்தார்கள். "இந்தக் கிழவியைக் கொஞ்சம் மட்டம் தட்டுவோம்" என்று பேசிவைத்துக்கொண்டே வந்தவர்கள். "ஒரு பெண்ணிடமே துறவிகள் வருகிறார்கள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்ளாதே" என்றார்கள். "இயல்பில் நான் பெண்தான், எண்ணத்தில் இல்லை" என்று பதில் சொன்னார். இந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பெண்ணாக இருப்பதே குறை என்று அவரும் ஒத்துக்கொள்வதுபோல இருக்கிறதே என்று முன்பு வருத்தமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. வந்தவர்களுக்குப் புரிகிற மொழி அது ஒன்றுதான்.

அதே சாரா 13 வருடம் காம எண்ணத்தோடு போராடினார். போராட்டம் நின்றுபோக வேண்டும் என்று ஒரு நாளும் வேண்டவில்லையாம். "கடவுளே, எனக்குப் பலம் தாரும்" என்று மட்டும்தான் வேண்டினார். ஆற்றங்கரையில் 60 வருடம் இருந்தும் ஒரு முறைகூட ஆற்றைப் பார்க்கவில்லை என்றும் ஒரு வரி வருகிறது.

---

இரவுப்பணி

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் நர்ஸ், மாதத்தில் பாதி நாள் இரவு ட்யூட்டி. விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று வரும். தூக்கம் இல்லை, துக்கமும் இல்லை. கடிகாரம் நகராது. ஏன் இந்த வேலைக்கு வந்தோம், கூட வேலை பார்ப்பவர்களுக்கு நம்மேல் அக்கறையே இல்லை, வேறு ஊருக்குப் போனால் நன்றாக இருப்போம் என்று வரிசையாக ஓடும். விடிந்ததும் போய்விடும். பாலைவனத் துறவிகளுக்கும் இப்படி ஒன்று இருந்தது, அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள் என்று சாமியார் ஒருவர் பிரசங்கத்தில் சொன்னார். யாராவது விளக்க முடியுமா?

---

பழையஏடு

சகோதரி, நீங்கள் எழுதிய வரிசையை 1,600 வருடத்துக்கு முன்னால் ஒருவர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயர் ஏவாகிரியுஸ். கருங்கடல் பக்கத்து போந்துசில் பிறந்து கொன்ஸ்தாந்திநோபிளில் திருத்தொண்டராகப் பெரிய பெயர் எடுத்தவர். அங்கே திருமணமான ஒரு பெண்மேல் காதல் வந்து, பயந்து, எருசலேமுக்கு ஓடினார். அங்கே ஒலிவ மலையில் மடம் நடத்திய மெலானியா என்ற அம்மையார், நோயில் விழுந்த இவரைப் பேசவைத்து, மனதில் இருந்ததை வாங்கி, எகிப்துக்கு அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு நித்ரியாவிலும் கெல்லியாவிலும் இருந்து, ஏடு பிரதியெடுத்துப் பிழைத்து, 399இல் இறந்தார்.

அவர் மனதில் வரும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார்: போசனப்பிரியம், காமம், பணத்தாசை, துக்கம், கோபம், அக்கேதியா, வீண்பெருமை, அகந்தை. இந்த எட்டைத்தான் பின்னாளில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஏழாக மாற்றினார். ஞானோபதேசத்தில் நாம் படித்த தலையான பாவங்கள் ஏழு அங்கிருந்து வந்தவை. ஆனால் வழியில் ஒரு முக்கியமான மாற்றம் நடந்துவிட்டது. ஏவாகிரியுஸ் இவற்றைப் பாவங்கள் என்று சொல்லவில்லை, எண்ணங்கள் என்றார். எண்ணம் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அது தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்பது அவர் வாதம்.

அந்த ஆறாவதுதான் உங்களுடையது. 'நடுப்பகல் பேய்' என்றும் சொல்வார். அவர்களுக்கு அது பகல் பத்து மணிக்கு வரும், ஏனென்றால் சாப்பாடு பிற்பகல் மூன்றுக்குத்தான். சூரியன் நகராதது போலத் தோன்றும். ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் போல இருக்கும். ஜன்னலையே பார்க்கவைக்கும், யாராவது வருகிறார்களா என்று வெளியே எட்டிப்பார்க்கவைக்கும். இந்த இடமே பிடிக்காமல் போகும். சகோதரர்களிடம் அன்பே இல்லை, நமக்கு ஆறுதல் சொல்ல யாருமில்லை என்று தோன்றும். வேறு இடத்தில் வேறு வேலை எளிது என்று காட்டும். கடவுளை எங்கிருந்தாலும் வணங்கலாமே என்று நல்ல காரணமும் சொல்லும். கடைசியில் சொந்தக்காரர்களை ஞாபகப்படுத்தி, இன்னும் எத்தனை வருடம் இப்படிக் கிடக்கவேண்டும் என்று நீட்டிக் காட்டும்.

மருந்து என்ன என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்த இடத்திலேயே இரு. அந்தோணியாருக்கே இது வந்தது. "ஆண்டவரே, என் எண்ணங்கள் என்னை விடமாட்டேன் என்கின்றன, என்ன செய்வேன்" என்று வெளியே வந்தார். தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து வேலை செய்வதும், எழுந்து செபிப்பதும், மறுபடி உட்கார்ந்து கயிறு திரிப்பதும், மறுபடி எழுவதுமாக இருந்ததைப் பார்த்தார். அவர் ஒரு வானதூதர். "இப்படிச் செய், பிழைத்துக்கொள்வாய்" என்றார். அகரவரிசைத் தொகுப்பின் முதல் கதையே இதுதான். நீங்கள் மூன்று மணிக்கு எழுந்து வார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து உட்காருவீர்கள் என்றால், அது ஏறக்குறைய அதேதான்.

விடிந்தும் போகாமல் நாள்கணக்கில் நீடித்தால் அது வேறு, அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நர்சுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

---

இரவுப்பணி

ஐயா, 'ஜன்னலையே பார்க்கவைக்கும்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். நர்ஸிங் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரே ஒரு ஜன்னல்தான். நன்றி. செபம் என்று எதைச் சொல்வார்கள்? நீளமாகச் சொல்ல எனக்கு அப்போது தெம்பு இருக்காது.

---

பழையஏடு

நீளமே வேண்டாம். யோவான் காசியன் எகிப்தில் வருடக்கணக்கில் இருந்துவிட்டு இன்றைய பிரான்சின் மர்சேய் பக்கம் போய் எழுதியவர். அப்பா ஈசாக்கிடம் (மனுவில் வந்த ஈசாக் இல்லை, இவர் வேறு) அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வரி, திருப்பாடல் 70இன் தொடக்கம்: கடவுளே, என்னை விடுவித்தருளும், ஆண்டவரே, எனக்குத் துணை செய்ய விரைந்து வாரும். எந்த நிலையிலும், தூங்கப் போகும்போதும், கோபம் வரும்போதும் இது ஒன்று போதும் என்றார் ஈசாக்கு. காசியன் வழியாக இது புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்குக்குப் போனது. இன்றும் கன்னியாஸ்திரீகள் திருப்புகழ்மாலையை இதைச் சொல்லித்தான் தொடங்குகிறார்கள்.

---

வைகைக்கரை

எல்லாவற்றையும் படித்தேன். மக்காரியார் கதை மனதை என்னவோ செய்தது. ஆனாலும் ஒரு பக்கத்தை மட்டும் பேசக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். 415ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாந்திரியாவில் ஆளுநர் ஒரேஸ்தேசை வழிமறித்தவர்கள் நித்ரியாவிலிருந்து இறங்கி வந்த துறவிகள், சுமார் 500 பேர். அவர் தலையில் கல்லெறிந்தவர் அம்மோனியுஸ் என்ற துறவி. பிறகு அதே நகரத்தில் ஹிப்பாத்தியா என்ற தத்துவ அறிஞரான பெண்ணைக் கும்பல் ஒன்று கொன்றது. மேல் எகிப்தில் வெள்ளை மடத்தின் தலைவர் ஷெனூத்தே, தன் மடத்துப் பெண்களுக்கு எத்தனை பிரம்படி என்று கடிதத்தில் கணக்கு எழுதியவர். அடுத்தவனைத் தீர்ப்பிடாதே என்பது இங்கே எங்கே போனது?

---

பனைநிழல்

தம்பி, நீ சொன்ன எதையும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஹிப்பாத்தியாவைக் கொன்ற கும்பலுக்குத் தலைமை தாங்கியது ஒரு வாசகர் (கோயிலில் விவிலியம் வாசிப்பவர்) என்று அன்றைய வரலாற்றாசிரியர் எழுதுகிறார், துறவிகள் என்று இல்லை. ஆனால் நித்ரியாத் துறவிகள் ஊருக்குள் கிளப்பிய வெறியும் அந்தச் சூட்டில் சேர்ந்ததுதான். ஆயர்களுக்கு இந்தக் கூட்டம் ஒரு படையாகப் பயன்பட்டது. 400இல் அலெக்சாந்திரியா ஆயர் தெயோபில் கட்சி மாறி, கடவுளுக்கு உருவம் இல்லை என்று சொன்ன, ஓரிஜன் என்ற முற்கால இறையியலாளரை ஆதரித்த நித்ரியாத் துறவிகளையே அடித்துத் துரத்தினார். அந்தச் சர்ச்சையில் ஒரு காட்சியைக் காசியன் எழுதுகிறார். கடவுளுக்கு மனித உருவம் இல்லை என்று எளிய கிழவரான அப்பா செராப்பியோனுக்கு (நான் முன்பு சொன்னவர் இல்லை) விளக்குகிறார்கள், அவரும் ஒத்துக்கொள்கிறார். பிறகு செபிக்க எழுந்தவர் தரையில் விழுந்து அழுகிறார்: "என் கடவுளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, இனி நான் யாரைப் பிடித்துக்கொள்வேன்?" சரியான போதனைதான். அந்தக் கிழவரின் அழுகைக்கு என்ன பதில் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் பார்ப்பது இப்படி: 'தீர்ப்பிடாதே' என்று அத்தனை முறை சொல்ல வேண்டி வந்ததே, அவர்கள் நடுவில் தீர்ப்பிடுகிறவர்கள் நிறைய இருந்ததால்தான். மோசேயைக் கூட்டத்துக்கு அழைத்தவர்களும் அப்பாக்கள்தானே?

அந்த மோசேயின் முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். சுமார் 407இல் கொள்ளைக்கூட்டம் ஸ்கேத்திஸைத் தாக்க வந்தது. மற்றவர்களைத் தப்பிக்கச் சொன்னார், தான் போகவில்லை. "வாளை எடுப்போர் வாளால் மடிவர் என்பது எனக்கு நிறைவேற வேண்டும்" என்றார். முன்னாள் கொள்ளைக்காரர் அல்லவா? உடன் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்து பிழைத்தார். அவர்கள் முடைந்த கயிறுதான்.

---

மெழுகுவத்தி

அண்ணா, தவக்காலத்தில் இவர்களைப் போல நோன்பு இருக்கலாமா? என்ன சாப்பிட்டார்கள்?

---

பனைநிழல்

பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு வேளை, இரண்டு சின்ன ரொட்டி, உப்பு. காயவைத்து மாதக்கணக்கில் வைத்திருந்த ரொட்டி, தண்ணீரில் ஊறவைத்தால்தான் பல்லில் படும். நீ மாணவன், அப்படியெல்லாம் செய்யாதே. அவர்களே அளவுக்கு மீறினால் திட்டினார்கள்.

ஒரு முறை ஸ்கேத்திஸில் வாரம் முழுதும் நோன்பு என்று அறிவித்தார்கள். அந்த நேரம் பார்த்து மோசேயைத் தேடி வெளியூர்ச் சகோதரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் காய்கறி வேகவைத்தார். புகை கிளம்பியது. பக்கத்துக் குடில்காரர்கள் பார்த்துவிட்டுக் குருக்களிடம் போய், மோசே கட்டளையை மீறி அடுப்பு மூட்டினார் என்றார்கள். சனிக்கிழமை எல்லோரும் கோயிலில் கூடியபோது குருக்கள் எழுந்து சொன்னார்கள்: "அப்பா மோசே, நீர் மனிதர் கட்டளையை மீறி, கடவுள் கட்டளையைக் காப்பாற்றினீர்."

---

வைகைக்கரை

நான் இன்னும் பசிலியார் பக்கம்தான். ஆனால் அந்தப் புகையைப் பார்த்த பிறகு, கால் கழுவ ஆளில்லை என்று நான் முதலில் எழுதியதை எடுத்துக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி

நேற்று இரவும் ட்யூட்டி. அந்த ஒரு வரியைச் சொன்னேன், வார்டைச் சுற்றினேன். ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கடலோரம் அக்கா, அம்மா சாரா ஏன் ஆற்றைப் பார்க்கவே இல்லை? அதில் என்ன பாவம்?

---

கடலோரம்

பாவம் என்று அந்த வரியில் இல்லையம்மா. காரணமே சொல்லப்படவில்லை. முன்பெல்லாம் எனக்கு இது கடுமையாகத் தெரியும். கண்ணுக்கு எதிரே இருக்கிற தண்ணீரைப் பார்த்தால் என்ன குறைந்துபோகும் என்று கோபம்கூட வந்தது.

நான் பிறந்த வீட்டுக்கு முன்வாசல் கடலைப் பார்த்து. பாட்டிக்கு வேலை முழுக்கப் பின்கட்டில், அடுப்படியில். பகலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து நான் கண்டதில்லை. ஆனால் அலை எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, இன்று கட்டுமரம் கடலில் இறங்குமா இறங்காதா என்று உள்ளே இருந்தபடியே சரியாகச் சொல்வார். எகிப்தில் ஆறு என்றால் நைலும் அதன் கிளைகளும்தான். வருடா வருடம் கோடையில் வெள்ளம் ஏறும். அறுபது முறை அந்தத் தண்ணீர் ஏறி இறங்கியதை, குனிந்து வேலை செய்தபடி அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.